பப் பப்பாக ஏறி இறங்கிய நான்கு நாள்

லண்டனில் நான் தங்கியிருந்த ஹாஸ்டலின் சமையலறையில் ஒரு அலமாரி உண்டு. ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் மிச்சமான அரிசி, பாஸ்தா, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுப் போவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் சமைக்கலாம். போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் அதில் கிடைத்த அரிசியை வடித்து, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நியூசிலாந்துப் பெண் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது என்ன, இப்படி வாசனை வருகிறது?" என்றாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். அடுத்த நான்கு நாளும் நாங்கள் சேர்ந்தேதான் சுற்றினோம்.

அவளுக்கு 25 வயது, நர்ஸ். நியூசிலாந்தில் இப்படிக் கிளம்பி வருவதற்கு 'ஓ.ஈ.' என்று பெயரே உண்டாம். வெளிநாட்டு அனுபவம் என்பதன் சுருக்கம். படிப்பு முடிந்ததும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு லண்டன் வருவது, ஓரிரு வருடம் கிடைத்த வேலையைப் பார்ப்பது, கையில் காசு சேரச் சேர ஐரோப்பாவைச் சுற்றுவது. ஆஸ்திரேலியர்களுக்கும் இதே வழக்கம். 1960, 70களில் லண்டனின் ஏர்ல்ஸ் கோர்ட் பகுதியில் அவர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கியதால் 'கங்காரு பள்ளத்தாக்கு' என்று அந்த இடத்துக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. அந்த இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் 35 வயதுவரை வேலையும் பார்த்து ஊரும் சுற்ற பிரிட்டன் விசா தருகிறது. நம் பிள்ளைகளுக்கும் 2023 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. 18 முதல் 30 வயதுவரை உள்ள பட்டதாரிகள் இரண்டு வருடம் அங்கே தங்கி வேலை பார்க்கலாம். ஆண்டுக்கு 3,000 பேர், குலுக்கல் முறையில். நான் சுற்றுலா விசாவில் போனவள். வயது இருக்கிறவர்கள் அந்தக் குலுக்கலில் பெயர் கொடுத்துப் பாருங்கள். எத்தனையோ பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

அறைத் தோழர்கள் இரண்டு பேர் சேர்ந்து நாங்கள் நான்கு பேர் ஆனோம். மெல்போர்னிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பையன் ஒருவன், கொலோன் பக்கத்து ஜெர்மன் மாணவன் ஒருவன். எட்டுப் பேர் படுக்கும் அறை, இரண்டடுக்குக் கட்டில்கள், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, ஒரு இரவுக்கு முப்பது பவுண்டு சொச்சம். இந்த மாதிரி விடுதிகளுக்கு வித்திட்டதே தன் நாட்டுக்காரர்தான் என்று ஜெர்மன் மாணவன் பெருமையாகச் சொன்னான். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909ல் பிள்ளைகளை நெடுநடை அழைத்துப் போனபோது இடி மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் சும்மா பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை நடந்து வரும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அவருக்கு அன்று தோன்றியிருக்கிறது. 1912ல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. இங்கிலாந்தில் அந்த இயக்கம் 1930ல் வேர்விட்டது. காசில்லாத பிள்ளையும் ஊர் பார்க்க வேண்டும் என்று ஒரு வாத்தியார் ஆசைப்பட்டார். அதனால்தான் நான் லண்டனின் நடுவில் கால் நீட்டிப் படுக்க முடிந்தது.

முதல் நாள் ராத்திரி நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் பலகையில் பார்த்த 'பப் கிரால்' ஒன்றில் ஆளுக்கு இருபது பவுண்டு கட்டிச் சேர்ந்தோம். கிரால் என்றால் தவழ்வது. ஐந்து பப், ஒவ்வொரு வாசலிலும் சின்னக் கிளாஸில் இலவசச் சரக்கு, கடைசியில் டான்ஸ் கிளப். நான் மது தொடுவதில்லை. கூட்டத்தோடு ராத்திரியில் ஊரைப் பார்க்கலாமே என்று போனேன். ஐம்பது அறுபது பேர் இருந்தோம். ஒரு இடத்தில் முக்கால் மணி நேரம், பிறகு விசில், அடுத்த இடம். காதை அடைக்கும் பாட்டு. மூன்றாவது இடத்தில் மெல்போர்ன் பையனைக் காணோம். கூட்டிப்போனவரிடம் சொன்னோம். "அவனே வந்துவிடுவான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விசிலை ஊதினார். வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணக்கூட இல்லை.

முக்கால் மணி நேரம் தேடினோம். ஒரு சந்தில், மூடிய கடையின் படிக்கட்டில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பர்ஸ் இருந்தது, போன் இல்லை. நான் ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். ஜெர்மன் மாணவன் டாக்ஸி பிடித்தான். அறைக்குக் கொண்டுவந்ததும் நர்ஸ் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்து, விடியும்வரை பக்கத்துக் கட்டிலில் விழித்திருந்தாள். போதையில் கிடப்பவரை மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது, வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், எழுப்பினால் எழவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். என் வாசகர்களில் பாதிப்பேர் கல்லூரி விடுதிகளில் இருக்கிறவர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சமையலறையில் அவள் கேட்டாள்: "நேற்று போன இடத்தில் ஒன்றின் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்." யாருக்கும் வாயில் வரவில்லை. எனக்கு அது சுருக்கென்று உறைத்தது. கடன் வாங்காத குறையாகக் காசு சேர்த்து, உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்து, ஒரு ராத்திரி முழுக்க லண்டனில் சுற்றியும் லண்டனைப் பார்க்கவில்லை. அப்போதே ஒரு பேப்பரை எடுத்து எழுதினோம். ஒரு நாளைக்கு மூன்று பப், அதற்கு மேல் கிடையாது. மூன்றும் வெவ்வேறு காலத்துக் கதை உள்ளதாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முடிந்தவரை நடை. சுவரில் இருப்பதைப் படித்த பிறகுதான் கிளாஸைத் தொட வேண்டும் என்று மெல்போர்ன் பையன் தானாகச் சேர்த்தான்.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு. டாஸ்மாக் கடையை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் ஒன்றும் புரியாது. ஒரு மூலையில் வயதான அம்மா தனியாக உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். காலடியில் நாய் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தை குட்டிகளோடு வந்து சாப்பிடுவார்கள். பெண்கள் தனியாக வருவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாசலில் தொங்கும் படப்பலகைக்கும் ஒரு கதை இருக்கிறது. மது விற்கிறவர்கள் கடைக்கு முன்னால் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று 1393ல், இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் காலத்தில், சட்டம் வந்தது. பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாத காலம். சிவப்புச் சிங்கம், வெள்ளை மான், மன்னன் தலை என்று படத்தைப் பார்த்தே ஜனங்கள் அடையாளம் சொன்னார்கள். நம் ஊரில் உதயசூரியன், இரட்டை இலை என்று சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டது போலத்தான். வெள்ளை மான் அந்த ரிச்சர்டின் சொந்தச் சின்னம். இன்றும் இங்கிலாந்து முழுக்க 'வொயிட் ஹார்ட்' என்ற பெயரில் பப்கள் இருக்கின்றன.

பகலில் வழக்கமாகப் பார்ப்பதை எல்லாம் பார்த்தோம். பிக் பென், டவர் பிரிட்ஜ், அரண்மனை வாசல் எல்லாம் படத்தில் பார்த்தபடியே அழகாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி இலவசம். உள்ளே அமராவதிக்கென்று ஓர் அறை இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெளிறிய சுண்ணாம்புக் கல்லில் தாமரை, பூரண கும்பம், கும்பிடும் ஜனங்கள். பள்ளிச் சுற்றுலாவில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்த அதே கல், அதே செதுக்கு. கிருஷ்ணா நதிக்கரை ஸ்தூபத்தைச் சேர்ந்த இவற்றை 1840களில் வால்டர் எலியட் என்ற மெட்ராஸ் அரசாங்க அதிகாரி தோண்டி எடுத்தார். மெட்ராஸில் பல வருடம் கிடந்தபின் 1859ல் லண்டனுக்குக் கப்பல் ஏறின. ஒரே ஸ்தூபத்தின் ஒரு பங்கு எழும்பூரில், ஒரு பங்கு இங்கே. இதை அவர்கள் மூவருக்கும் சொன்னபோது தொண்டை கட்டிக்கொண்டது. இவை ஒன்றாக ஓரிடத்தில், அந்த நதிக்கரை நாட்டிலேயே இருக்க வேண்டும். என் கருத்தில் மாற்றமில்லை.

அங்கிருந்து நடந்து சோஹோவுக்குள் நுழைந்தோம். பிராட்விக் தெருவில் கைப்பிடி இல்லாத ஒரு தண்ணீர் பம்பு நிற்கிறது. அருகில் 'ஜான் ஸ்நோ' என்ற பப். எங்கள் பட்டியலில் முதல் பெயர் இதுதான், நான்தான் எழுதினேன். 1854ல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய டாக்டர்களெல்லாம் நம்பிய காலம். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய், யார் செத்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்தார். விசாரித்த வரையில் பெரும்பாலோர் இந்தத் தெருப் பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள். அவர் சொன்னதைக் கேட்டு செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதே தெருவில் ஒரு பீர் ஆலை இருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வேலை பார்த்தார்கள், அவர்களில் ஒருவரும் காலராவில் சாகவில்லை. ஏன் என்று ஸ்நோ போய்க் கேட்டார். ஆலையில் அவர்களுக்கு பீர் இலவசம், ஆலைக்குள்ளேயே தனிக் கிணறும் உண்டு, தெருப் பம்புப் பக்கம் யாரும் போவதில்லை என்று முதலாளி சொன்னார். தண்ணீர்தான் காரணம் என்பதற்கு இது இன்னொரு சாட்சி ஆயிற்று.

அந்த ஸ்நோ இளமையிலேயே மதுவைத் துறந்தவர். மதுவுக்கு எதிராக மேடையேறிப் பேசியவர். அவர் பெயரில் பப் இருக்கிறது, வாசலுக்கு அருகில் பம்பு இருக்கிறது. பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து இங்கே வருகிறார்கள். மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். நர்ஸ் கீழே பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் வருடத்தில் முதல் பாடமே இதுதான். ஆனால் இந்தத் தெரு இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை" என்றாள். உண்மைதான். நம் ஊர்ச் சந்து மாதிரி இருக்கிறது. இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

குடிக்காத நான் இவர்களோடு எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்பீர்கள். லைம் சோடா. பாரில் போய்க் கேட்டால் முகம் சுளிக்காமல் பைண்ட் கிளாஸில் ஐஸ் போட்டுத் தருகிறார்கள். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி, லண்டனில் பீர் ஆறேழு பவுண்டு. சோடா அதில் பாதிகூட ஆகாது. மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள், நாம்தான் பாருக்குப் போக வேண்டும். வரிசையும் கிடையாது. யாருக்குப் பிறகு யார் என்று பாரில் நிற்பவர்கள் மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். முந்திக்கொண்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். நான்கு பேர் போனால் ஒருவர் நான்கு பேருக்கும் வாங்க வேண்டும், அடுத்த சுற்று அடுத்தவர். ஆங்கிலேயர்கள் இதை 'ரவுண்டு' என்கிறார்கள், ஆஸ்திரேலியனும் நியூசிலாந்துக்காரியும் 'ஷவுட்' என்றார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் நான்கு பேர் என்றால் ஒவ்வொருவர் தலையிலும் நான்கு பைண்ட் விழுந்துவிடும். முதல் உலகப்போரின்போது, 1915ல், ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்பதையே லண்டனில் தடை செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். பீர் அரை பைண்ட்தான். என் முறை வரும்போது நான் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கி வருவேன். கொலோனில் பீர் கிளாஸே 200 மில்லிதான், அதனால் அரை பைண்டே எனக்குப் பெரிது என்றான் ஜெர்மன் மாணவன்.

அந்தச் சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் வழக்கம்போல மேல்பக்கம் கிழிக்கப் போனேன். மெல்போர்ன் பையன் வாங்கி, பக்கவாட்டு ஒட்டலில் நகத்தைக் கொடுத்து, பாக்கெட்டை முழுசாகப் பிரித்து, வெள்ளிப் பக்கம் மேலே தெரியும்படி மேஜை நடுவில் வாழை இலை மாதிரி விரித்துவைத்தான். எல்லார் கையும் எட்டும். "பப்பில் இப்படித்தான்" என்றான். சுற்றுமுற்றும் பார்த்தேன். மற்ற மேஜைகளிலும் அப்படியேதான் விரிந்து கிடந்தன. தனக்கென்று பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்றவர் ஒருவர்கூட இல்லை.

பட்டியலில் அடுத்த பப், ஃப்ளீட் தெருவில் ஒரு சந்துக்குள் இருக்கும் 'ஈ ஓல்டு செஷயர் சீஸ்'. 1666ல் லண்டன் எரிந்தது, மறுவருடமே இதைத் திரும்பக் கட்டினார்கள். அதன் பிறகு எத்தனை ராஜா ராணிகளைப் பார்த்திருக்கிறது என்று வாசலில் பட்டியலே வைத்திருக்கிறார்கள். உள்ளே பகலிலும் இருட்டு, தாழ்ந்த கூரை, கரி படிந்த பலகைச் சுவர், கீழே கீழே இறங்கிப் போகும் நிலவறைகள். இங்கே பாலி என்று ஒரு கிளி இருந்தது. 1926ல் அது செத்தபோது பத்திரிகைகள் இரங்கல் எழுதின. பாடம் செய்த கிளி இன்னும் இருக்கிறது. இந்த பப்பை நடத்துவது சாமுவேல் ஸ்மித் என்ற யார்க்ஷயர் பீர் ஆலை. பாட்டு கிடையாது, டிவி கிடையாது, 2019ல் கைபேசிக்கும் தடை போட்டார்கள். போனை உள்ளே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பேசினோம். அவரவர் அப்பா அம்மாவைப் பற்றி, ஊரைப் பற்றி. மெல்போர்ன் பையனின் தாத்தா அவனுக்கு வயரிங் கற்றுக்கொடுத்ததும், அவர் இறந்தபோது விட்டுப்போன பணத்தில்தான் இந்தப் பயணம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பப்கள் எல்லாவற்றிலும் இந்தத் தடை வந்தால் நான் கைதட்டுவேன்.

மூன்றாம் நாள் தேம்ஸின் தென்கரை. பரோ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் 'ஜார்ஜ்'. குதிரை வண்டிகள் வந்து நின்ற சத்திரம், 1677ல் கட்டியது. மாடியைச் சுற்றி மர வராந்தா ஓடும் இந்த மாதிரிச் சத்திரம் லண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஒரு காலத்தில் முற்றத்தைச் சுற்றி இருந்தது. ரயில்வே கம்பெனி மற்ற பக்கங்களை இடித்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் பிழைத்தது. இப்போது தேசிய அறக்கட்டளையின் சொத்து. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் யாத்திரிகர்கள் கிளம்பிய 'டபார்ட்' சத்திரமும் இதற்கு அடுத்ததாகத்தான் இருந்தது. அதை 1870களில் இடித்துவிட்டார்கள்.

முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் வீடியோ கால். இங்கே மாலை ஆறு, அங்கே பத்தரை.

"ஏண்டி, பின்னாடி என்ன இவ்ளோ சத்தம்? எங்கே இருக்கே?"

"பப்புலம்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நான் கேமராவைத் திருப்பி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். மர வராந்தா, பட்டாணி தின்னும் குழந்தை, கைத்தடியோடு இரண்டு தாத்தாக்கள், தூணடியில் படுத்திருந்த நாய்.

"நாய்க்குத் தண்ணி வச்சிருக்காங்களேடி" என்றாள் அம்மா. அப்புறம், "அந்தப் பசங்க நல்ல பசங்களா?" என்றாள். நர்ஸ் எட்டிப் பார்த்துக் கையாட்டினாள். "பருப்புப் பொடி சாப்பிட்ட பொண்ணு இதுதானா? போதுதா, இன்னும் வச்சு விட்டிருக்கலாமே" என்றாள் அம்மா. அதோடு அவள் குரலில் இருந்த பயம் போய்விட்டது. "ரூமுக்குச் சீக்கிரம் போயிடு" என்று மட்டும் சொன்னாள்.

அங்கிருந்து டவர் பிரிட்ஜைக் கடந்து, வடகரையில் கிழக்கே வாப்பிங் வரை நடந்தோம். கருங்கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் பழைய சரக்குக் கிடங்குகள், தலைக்கு மேலே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இரும்புப் பாலங்கள். அங்கே உள்ள 'பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி' பப் 1520 வாக்கில் தொடங்கியது என்கிறார்கள். கல் பாவிய தரை பழையது. பப்புக்குப் பக்கத்துச் சந்து வழியே படிக்கட்டு ஆற்றுக்குள் இறங்குகிறது. நாங்கள் போனபோது நீர் வடிந்து கரை தெரிந்தது. வெளியே ஒரு தூக்குக் கயிறு தொங்கவிட்டிருக்கிறார்கள். கடற்கொள்ளையர்களை இந்த வாப்பிங் கரையில்தான் தூக்கிலிட்டார்கள். கேப்டன் கிட்டுக்கு 1701ல் முடிவு வந்ததும் இங்கேதான். பாரில் ஒரு கைப்பம்பில் 'இந்தியா பேல் ஏல்' என்று எழுதியிருந்தது. உன் நாட்டுப் பெயர் ஏன் பீரில் இருக்கிறது என்று ஜெர்மன் மாணவன் கேட்டான். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கேப்டன்கள் அவர் பீரைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றி, மெட்ராஸிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். அப்படிப் போன பீர் வகைக்குப் பின்னால் ஒட்டிய பெயர் அது. பீப்பாய்கள் மெட்ராஸுக்கு வந்த அதே கடல் வழியாகத்தான் அமராவதிக் கற்கள் லண்டனுக்குப் போயின என்று சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த பப் எதிர்க்கரையில். ரயிலில் ஒரே ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்காகவே வாப்பிங் போகலாம். நடைமேடையின் கோடியில் நின்றால் குதிரை லாடம் மாதிரி இரண்டு வாய்கள் தெரியும். மார்க் புரூனெலும் அவர் மகன் இசம்பார்டும் தேம்ஸுக்கு அடியில் தோண்டிய சுரங்கம். கப்பல் ஓடும் ஆற்றுக்கு அடியில் உலகத்தில் முதலில் போட்ட சுரங்கப்பாதை இதுதான். 1825ல் தொடங்கினார்கள். ஆறு பலமுறை உள்ளே புகுந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள், பணம் தீர்ந்து வருடக்கணக்கில் வேலை நின்றது. 1843ல்தான் திறந்தார்கள். முதலில் ஜனங்கள் நடந்து போனார்கள், 1869 முதல் ரயில். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழு எப்படி முன்னேறுகிறது என்று பார்த்துத்தான் தோண்டும் கவசத்தை மார்க் புரூனெல் வடிவமைத்தார் என்று மெல்போர்ன் பையன் படித்துக் காட்டினான். ரயில் உள்ளே போனதும் ஜன்னலில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருட உழைப்பைக் கடக்க அவ்வளவுதான் நேரம்.

இறங்கிய ராதர்ஹைத்தில் 'மேஃப்ளவர்'. 1620ல் அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிப்போன அதே பெயர்க் கப்பல் கிளம்பியது இந்தக் கரையிலிருந்து. அதன் கேப்டன் கிறிஸ்டோபர் ஜோன்ஸ் எதிரே உள்ள தேவாலயத்தில் அடக்கம். கப்பலில் போனவர்களின் வாரிசுகள் கையெழுத்துப் போட இங்கே ஒரு புத்தகம் இருக்கிறது. பின்பக்கம் ஆற்றுக்கு மேலே பலகை போட்ட தளம். பலகை இடுக்கில் தண்ணீர் தெரிகிறது. அங்கே உட்கார்ந்துதான் நர்ஸ் தன் நாட்டுக்காரர்களின் பப் உலாவைப் பற்றிச் சொன்னாள். பிப்ரவரி 6 அவர்களின் தேசிய நாளான வைடாங்கி நாள். அதை ஒட்டிய சனிக்கிழமையில் லண்டன் நியூசிலாந்துக்காரர்கள் வேடம் போட்டுக்கொண்டு பாடிங்டனில் தொடங்கி, சர்க்கிள் லைன் ஸ்டேஷன்களை ஒட்டிய பப்களில் இறங்கி ஏறி, வெஸ்ட்மின்ஸ்டரில் ஒன்றுகூடித் தங்கள் நாட்டு ஹாகா நடனம் ஆடுவார்களாம். "ஹாகா ஆடும்போது எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் இல்லையா" என்றாள். ஊர் ஞாபகம் வந்தால் யாருக்கும் அப்படித்தான்.

கடைசி நாள் ஒரே ஒரு பப்தான், கில்பர்ன் பக்கம் 'கார்ல்டன் டாவர்ன்'. சுற்றுலாக்காரர்கள் வராத இடம். 1920களின் தொடக்கத்தில் கட்டிய சாதாரணத் தெருமுனைப் பப். 2015 ஏப்ரலில், பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, கட்டிடத்தை வாங்கிய நிறுவனம் அனுமதி இல்லாமல் அதை இடித்துத் தள்ளியது. அக்கம்பக்கத்து ஜனங்கள் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், இடித்தது எப்படி இருந்ததோ அப்படியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்து தோற்றது. 2021 ஏப்ரலில் பப் மறுபடி திறந்தது. வாசல் ஓடுகளைத் தடவிப் பார்த்தேன், எது பழையது எது புதியது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே நான்கைந்து பெரியவர்கள், ஒரு நாய், மதிய வெயில். இந்த இடம் போனால் நாங்கள் எங்கே போய் உட்காருவோம் என்று கேட்டு ஆறு வருடம் போராடிய ஜனங்கள் இவர்கள். எங்கள் தெருக்கோடியில் இருந்த படிப்பகத்தை இடித்தபோது நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஞாபகம் வந்து ரொம்ப நேரம் கஷ்டமாக இருந்தது.

லண்டன் போகிற தம்பி தங்கைகளே, பப் கிரால் நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். நீங்களே மூன்று பெயரை எழுதிக்கொண்டு நடந்து போங்கள். குடிக்காதவர்கள் கூச்சப்படாமல் உள்ளே போய் லைம் சோடா கேளுங்கள். குடிக்கிறவர்கள் அரை பைண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கிளாஸை மேஜையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வாப்பிங் போவதாக இருந்தால் ஆற்றில் நீர் வடியும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். கடைசி ஆர்டருக்கு மணி அடிப்பார்கள், பல பப்களில் பதினோரு மணி வாக்கில். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, உங்களோடு வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.